விலை இறங்காத வேகம்

பெர்ஃபார்மன்ஸ் கார் எனப்படுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரத் தேவையானதைவிடப் பெரிய எஞ்சினும், அதன் மூர்க்கத்தை அடக்கவல்ல பிரேக்கும், இவையெல்லாம் எதற்கு என்று கேட்கக்கூடிய குடும்பத்தாரை உட்காரவைக்கப் போதாத பின்னிருக்கையும் உடைய வாகனம் ஆகும். புதிதாக வாங்கப்படும் ஏறக்குறைய எந்தக் காரும் முதல் சில ஆண்டுகளில் தன் விலையில் பெரும் பகுதியை இழந்துவிடுகிறது. தேய்மானம் என்று கணக்கர்கள் குறிக்கும் அந்த இழப்பை முதல் உரிமையாளர் தலையில் கட்டிவிட்டு, இனி இறங்க இடமில்லை என்ற கட்டத்தில் அதே காரைக் கைப்பற்றுவதே செகண்ட்ஹேண்ட் வாங்குவோரின் சாமர்த்தியம். சாதாரணக் குடும்பக் காரின் விலை இறங்கி இறங்கிப் பழைய இரும்பின் எடைக்கு வந்து நிற்க, பெர்ஃபார்மன்ஸ் கார்களுள் சில மட்டும் ஒரு மட்டம் வரை இறங்கி, சில ஆண்டுகள் அங்கேயே கிடந்து, பிறகு ஏறத் தொடங்குகின்றன. அந்த அடிமட்டத்தில் வாங்கியவருக்கு "இது செலவில்லை, முதலீடு" என்று வீட்டில் சொல்லும் உரிமை கிடைக்கிறது என்பதும், அடிமட்டம் எதுவென்பது அதைத் தாண்டிய பிறகே எவருக்கும் தெரியவரும் என்பதும் இத்துறையின் இரு அடிப்படை உண்மைகள்.

இந்த ஆராய்ச்சிக்கு ஜெர்மனியின் போர்ஷே 911-ஐவிடப் பொருத்தமான பொருள் அரிது. 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வைக்கப்பட்டு, நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் பிரான்சில் தனக்கே உரியவை என்று பெஜோ நிறுவனம் தடை சொன்னதால் 911 ஆகிய இந்தக் கார், எஞ்சினைப் பின்சக்கரங்களுக்கும் பின்னே தொங்கவிட்டுக் காற்றால் குளிர்விக்கும் வழக்கத்தை 1998 வரை கைவிடவில்லை. அவ்வழக்கத்தின் கடைசித் தலைமுறையாகிய 993-க்கு அடுத்து வந்த 996, தண்ணீரால் குளிரும் எஞ்சினோடு வந்து பக்தர்களின் மனத்தைப் புண்படுத்தியது போதாதென்று, விலை குறைந்த தம்பியாகிய பாக்ஸ்டரின் முகவிளக்குகளையும் பகிர்ந்துகொண்டது. ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் முகவிளக்கோடு ஒட்டிக் கீழே வழிந்து நிற்கும் அந்த அமைப்புக்குப் 'பொரித்த முட்டை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பந்தய மரபும், நல்ல ஸ்டீயரிங்கும், 911 என்ற பெயரும் இருந்தும், 996 நெடுங்காலம் வாங்கக் கிடைத்த 911-களிலேயே மலிவானதாக இருந்தமைக்கு அந்த முட்டையும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளுக்குச் சங்கிலி வழியே கொண்டுசெல்லும், ஐஎம்எஸ் எனப்படும் இடைத்தண்டு ஒன்று 996-இன் எஞ்சினுக்குள் இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்கும், உள்ளங்கையில் அடங்கும் பேரிங் தேய்ந்து உடைந்தால், அதன் துணுக்குகள் எண்ணெயில் கலந்து எஞ்சினையே முடித்துவிடும். உடைந்தவற்றைவிட உடையாதவையே அதிகம் என்றாலும், சந்தை கணக்குப் பார்ப்பதில்லை, பயப்படுகிறது. ஆகவே 'ஐஎம்எஸ் மாற்றியாயிற்று' என்று விற்பவர் எழுதும் இரண்டே சொற்கள், கவலைப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும் சொற்களுக்கு இணையான ஆறுதலைத் தருகின்றன. ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் வேறு எஞ்சினைக் கொண்டிருந்ததால், அதே தலைமுறையின் டர்போவும் ஜிடி3-யும் இந்தப் பயத்திலிருந்து தப்பின. அந்த நிம்மதிக்கான தொகையும் அவற்றின் விலையில் அடக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பேரிங்கைப் பற்றிய விசாரணை முடிந்ததும் முன்னாள் உரிமையாளரைப் பற்றிய விசாரணை தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் மெதுவாக ஓட்டியதாகச் சொல்லாத விற்பனையாளர் உலகில் இல்லை. மூன்றாம் கியரிலிருந்து நான்காவதுக்கு இழுக்கும்போது கைதவறி இரண்டாவதில் விழுந்தால், சக்கரங்களே எஞ்சினை வரம்புக்கு மேல் சுழற்றிவிடும். எரிபொருளை நிறுத்தும் தடுப்பு அங்கே உதவாது. இப்படிப்பட்ட மீறல்களை, 2000-களின் பிற்பகுதியில் வந்த 911-களின் எஞ்சின் கணினி, கடுமைக்கேற்ப ஆறு படிகளாகப் பிரித்து, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணியில் நிகழ்ந்தது என்பதுவரை குறித்துவைத்துச் சித்திரகுப்தனைப் போலக் காத்திருக்கிறது. பணிமனையில் கருவியைச் செருகியதும் கணக்கு வெளிவருகிறது. அதே கணினி மொத்த ஓட்ட மணிகளையும் வைத்திருப்பதால், 40,000 கிலோமீட்டர் காட்டும் காரில் 2,500 மணி பதிவாகியிருந்தால், அது தன் வாழ்நாள் முழுவதும் மணிக்குச் சராசரி 16 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது அவசரமில்லாத சைக்கிளின் வேகத்தில், ஓடியிருக்க வேண்டும். ஒன்று அக்கார் போக்குவரத்து நெரிசலிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும், அல்லது அதன் மீட்டர் பின்னோக்கி ஓடியிருக்க வேண்டும்.

கியர் பெட்டியிலும் சந்தைக்கென்று ஒரு தனிப் புத்தி உண்டு. 2000-க்கும் 2006-க்கும் இடையே விற்ற பி.எம்.டபிள்யூ எம்3-இல், கிளட்சைத் தானே இயக்கிக்கொள்ளும் எஸ்எம்ஜி என்ற வசதிக்குப் புதிதில் கூடுதல் பணம் கொடுத்தார்கள்; இன்று அதைக் கழற்றிச் சாதாரண மேனுவல் கியரைப் பொருத்தப் பணம் கொடுக்கிறார்கள்.

ஜப்பானியக் கார்களின் விலையை ஏற்றியதில் சட்டத்துக்கும் திரைப்படத்துக்கும் பங்குண்டு. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்படாத காரை அங்கே இறக்குமதி செய்ய அதற்கு 25 வயது நிரம்ப வேண்டும் என்பதால், 1989-இல் பிறந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் 2014-இலும், அதன் பேரன் முறையாகும் 1999-இன் ஆர்34 வகை 2024-இலும் வயதுக்கு வந்தன. வயதாவதே தகுதியாக எண்ணப்படும் துறைகள் அரசியலைத் தவிர வேறு அதிகமில்லை. 2001-இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் ஓடிய ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா 2021-இல் 5,50,000 டாலருக்கு ஏலம் போனது. இச்செய்தியைப் படித்துத் தம் சுப்ராவுக்கு ஆரஞ்சு வண்ணம் அடிப்பவர், தொழிற்சாலை அடித்த அசல் வண்ணத்துக்குச் சந்தை தரும் கூடுதல் விலையை இழப்பதோடு நிற்பார்.

இத்தனை சோதனைகளையும் தாண்டி வாங்கிய பின்னரே உண்மையான சிக்கல் எழுகிறது. குறைவாக ஓடிய காருக்கே விலை அதிகம் என்பதால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் முதலீட்டைக் கரைக்கிறது. மணிக்கு 280 கிலோமீட்டர் ஓடவல்லது என்பதற்காக வாங்கிய கார், போர்வை போர்த்தி, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, கொட்டகையில் நிறுத்தப்படுகிறது. நிறுத்தியே வைத்தாலோ ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசிகிறது. டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பள்ளங்கள் புதிதுபோல் ஆழமாயிருந்தும் வயதால் இறுகிப்போன அந்த நான்கு டயர்களையும், ஒரு திருப்பத்தில்கூடக் கிறீச்சிடக் கேட்காமலேயே, மாற்றியாக வேண்டும். ஆகவே மாதம் இருமுறை எஞ்சின் சூடாகும் வரை ஓட்ட வேண்டும் என்று வல்லுநர்கள் விதிக்க, உரிமையாளர் விடியற்காலையில் கிளம்பி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே, பக்கத்துத் தெரு பேக்கரி வரை போய் ரொட்டி வாங்கித் திரும்புகிறார். அலுவலகத்துக்கும், பள்ளிக்கும், மழை நாளுக்கும், உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் போக ஒரு சின்னக் கார் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. அதன் விலை எல்லாக் கார்களையும்போல ஆண்டுக்காண்டு இறங்குகிறது, ஆனால் அந்த நஷ்டத்தை 911-இன் கணக்கில் எழுதிய உரிமையாளர் இதுவரை ஒருவருமில்லை.