கொல்லைப்புறத்துக்கு ஏற்ற லாரி

ரிமோட் லாரி என்று பொதுவழக்கில் சொல்லப்படும் வண்டி, ஓட்டுபவர் கையிலுள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையைப் பெற்று பாட்டரியின் துணையால் ஓடுவது. பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று வாங்கப்பட்டு, தகப்பனாரால் ஓட்டப்படுவது. நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் ரேடியோ அலையால் இயங்கும் படகை மக்கள் முன் ஓட்டிக்காட்டினார் என்பதும், ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 என்னும் ரிமோட் காரை வெளியிட்டது என்பதும் இத்துறையின் பழஞ்செய்திகள். இரு தரப்பாருமே பண்ணைப்புரத்துக் கொல்லையை மனத்தில் வைத்திருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

இளையராஜாவின் பிறப்பிடமாக அறியப்படும் அவ்வூர், தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியது. அங்கே வீட்டின் பின்புறம் என்பது தென்னை வேர், துவைக்கும் கல், விறகுக் குவியல், ஆடிக்காற்றில் விழுந்த மட்டை, குஞ்சுகளோடு மேயும் கோழி ஆகியவை அவரவர் உரிமையோடு இடம்பிடித்த நிலப்பரப்பாகும்.

வாங்குவோரை முதலில் வீழ்த்துவது பெட்டியின்மேல் அச்சிட்ட வேகம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். 40 அடிக் கொல்லையின் நீளமோ 12 மீட்டர்தான் என்பதால், அவ்வேகத்தை எட்டிய லாரி ஒரு நொடி முடியுமுன் துவைக்கும் கல்லை எட்டிவிடும். பெரிய சக்கரமும் உயர்ந்த அடிப்பாகமும் கொண்டு தாவித் திரியும் மான்ஸ்டர் டிரக் அறுவடை முடிந்த வயலுக்குப் பொருந்தும். பற்சக்கர அமைப்பால் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டிக்கொண்ட கிராலர் என்னும் வகையே, மட்டையின்மேல் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, வேரைத் தாண்டி, பார்ப்பவர் பொறுமையைச் சோதித்தபடி கொல்லையைக் கடக்கவல்லது. வேகத்தை விரும்பும் இளைஞருக்கு இது மாட்டுவண்டியாகத் தோன்றலாம்; கோழிக்கு ஆட்சேபமில்லை.

மோட்டாரிலும் இரு வகையுண்டு: கார்பன் துண்டுகள் உரசி மின்சாரம் கடத்தும் பிரஷ் மோட்டார் விலை குறைந்தது, நாளடைவில் தேய்வது; உரசலற்ற பிரஷ்லெஸ் வலிமை மிக்கது, விலையும் அவ்வாறே. கொல்லைக்கு முன்னது போதும். இரண்டுக்கும் பொதுப்பகை தென்னை நார். அது அச்சில் சுற்றி இறுகினால் மோட்டார் திணறிச் சூடேறும். வண்டியைக் கவிழ்த்துப்போட்டு, ஊசியால் நாரை இழையிழையாக எடுக்க வேண்டும். வீட்டில் பூத்தொடுக்கும் பழக்கமுள்ளவர் இதில் விரைவில் தேர்ச்சி பெறுவர்.

லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பாட்டரியின் ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட் அளவினது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டினால் பழுதாகும். உப்பிய பாட்டரியை "இன்னொரு தடவை பார்ப்போமே" என்று சார்ஜ் போடுவது தீயை வருந்தி அழைப்பதாகும். உதிரிப்பாகம் தனியே கிடைக்காத பொம்மை ரகத்தை ஒதுக்குவதும் நல்லது. அதில் ஒரு பற்சக்கரம் உடைந்தால், முழு லாரியும் பரணுக்குப் போய்ப் பழைய கிரைண்டரின் பக்கத்தில் இடம்பிடிக்கும்.