பேசி முடிச்சாச்சு

ஆடு அடுத்தவன் கொல்லையில் மேய்ந்தால் பேசி முடிக்கலாம். வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் பேசி முடிக்கலாம். வாத்தியார் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மீது கை வைத்தாலும் அப்படியே முடிக்கலாம் என்பது நம் பெரிய மனிதர்கள் கண்ட நீதி.

பாய் விரிப்பார்கள். காபி வரும். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், பள்ளித் தாளாளர், வாத்தியாரின் மச்சான் எல்லோரும் உட்காருவார்கள். அந்தப் பிள்ளை மட்டும் அடுப்படியில். “விஷயம் வெளிய வந்தா நாளைக்குப் பொண்ணை எவன் கட்டுவான்?” என்பார் ஒருவர். சபை உச்சுக்கொட்டும். “வாத்தியாருக்கும் குடும்பம் இருக்கு” என்பார் இன்னொருவர். இதற்கு உச்சு இன்னும் பலமாக விழும். தொகை படியும். ‘தவறான புரிதலால் புகார் கொடுத்தோம்’ என்று முத்திரைத்தாளில் எழுதி அப்பனிடம் கையெழுத்து வாங்குவார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிந்தும் புகார் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவனை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை. காபி குடித்த சபை மொத்தமும் உள்ளே இருக்க வேண்டும். பாயோடு அள்ளிப்போனதாக எங்காவது படித்தீர்களா?

ஊரைத் திட்டி என்ன பயன்? 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே பாய் விரித்தது. மைனர் பெண்ணைப் பாலியல் வன்முறை செய்ததற்காகக் கடலூர் மகளிர் நீதிமன்றம் ஏழாண்டு தண்டித்தவனுக்கு ஜாமீன் கொடுத்து, அவளோடு சமரசம் பேசு என்று அனுப்பியது. குழந்தையை ஒற்றையாளாக வளர்த்த அந்தப் பெண் வர முடியாது என்று மறுத்தாள். சட்டம் படிக்காதவள், அதனால் தெளிவாக இருந்தாள். ஜூலை 1 அன்று, ஏழு வயதுச் சிறுமி சம்பந்தப்பட்ட மத்தியப் பிரதேச வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதன் பிறகே சென்னையில் பாய் சுருட்டப்பட்டது.

பாடம் ஏறியதா? ராஜஸ்தானில் 2022-இல் இதே வாத்தியார் கதை, இதே சமரசத் தாள். அங்கே உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. மேல்முறையீடு செய்தது அப்பன் அல்ல. மூன்றாம் மனிதர்கள்.

“கோர்ட்டுக்குப் போனா செருப்புதான் தேயும்” என்பது சபையின் கடைசி அஸ்திரம். வெட்கம் என்னவென்றால், அது பொய்யில்லை. சட்டப்படி ‘கூடியவரை’ ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டுமாம். அந்தக் ‘கூடியவரை’க்குள் எத்தனையோ பிள்ளைகள் பள்ளியே முடித்துவிடுகிறார்கள். நீதிமன்றம் இழுக்கும் ஒவ்வொரு வாய்தாவும் பஞ்சாயத்துக்குப் போடும் பாய்.

ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்தார்கள். திங்கள் காலை எட்டரைக்குப் பள்ளி வேன் வரும். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஏற வேண்டும். முதல் மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிடப்போவது அதே வாத்தியார்.