எண்ணிலிருந்து பெயருக்கு

1992இல் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தபோது கூடவே ஒரு தடித்த டைரக்டரியும் வந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று, சுழற்றும் டயல் கொண்ட கறுப்புப் பெட்டிக்குக் கீழே, ஓரம் சுருண்டு கிடந்திருக்கும். ஒருநாள் மாலை அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. அதில் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அந்த எண்ணுக்கே போன் செய்து கேட்டிருக்கலாம்தான், ஆனால் பேர் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு "நீங்க யாரு?" என்று கேட்பது அப்பாவுக்கு மரியாதைக் குறைவு. ஆகவே விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கங்களை நாங்கள் இருவரும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினோம். பெயர் தெரிந்தால் எண்ணை அரை நிமிடத்தில் தந்துவிடும் புத்தகம், எண்ணைச் சொல்லி ஆளைக் கேட்டபோது இரண்டு மாலைகளை எடுத்துக்கொண்டது. அந்த எண் ஓர் உரக்கடையுடையது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் கணக்கு வாத்தியார் வீட்டிலும் போன் இருப்பதையும், மளிகைக் கடைக்காரரின் முழுப்பெயரையும் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஏழு வருடம் கழித்துச் சென்னையில் ஒரு நூலகத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு உட்கார்ந்தபோது, அதே டைரக்டரிதான் வேறு வேடத்தில் என் முன்னால் வந்து நின்றது என்பது எனக்கு உடனே புரியவில்லை. ஜாவா 1.1, அதில் ஹேஷ்டேபிள். உறுப்பினர் எண் கீ. பெயரையும் தெருவையும் ஒட்டிய ஒரே வரி, வேல்யூ. எண்ணைக் கொடுத்தால் அதை ஒரு கணக்குக்கு உட்படுத்தி, எந்தப் பெட்டியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடும் அந்த அமைப்பின் மீது எனக்கு இருந்த பிரமிப்பு இன்றும் குறையவில்லை. 1953இல் ஐ.பி.எம்.மில் ஹான்ஸ் பீட்டர் லூன் தம் குறிப்பொன்றில் எழுதிவைத்த யோசனை அது. ஆனால் அந்தக் கணக்கு நடப்பது கீயின் மேல் மட்டும்தான். வேல்யூவுக்கு அங்கே முகவரி கிடையாது. கீயின் முதுகில் ஏறி வந்த சவாரி அது.

எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க நான் எழுதியது 'கன்டெய்ன்ஸ்'. படித்தால் இயல்பாகத்தான் இருக்கிறது. அன்றைய ஹேஷ்டேபிளிலோ கன்டெய்ன்ஸ் என்றால் வேல்யூவில் தேடு என்று பொருள்; கீயில் தேட 'கன்டெய்ன்ஸ்கீ' என்று தனியாக ஒன்று உண்டு. பெயர்களுக்கு நடுவே எண்ணைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றே பதில் வந்தது, ஒரே எண் இரண்டு முறை வந்த இடங்களில் பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரைச் சத்தமில்லாமல் அழித்தார், பதிவேட்டில் 12,000 பேர் இருக்க நிரலில் அறுபது பேர் குறைந்தார்கள். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1998 டிசம்பரில் வெளிவந்த ஜாவா 1.2 ஹேஷ்மேப்பைத் தந்து, அதில் 'கன்டெய்ன்ஸ்வேல்யூ' என்று தெளிவாகப் பெயரிட்டிருந்ததைப் பின்னால் பார்த்தபோது, யாரோ என் வலியை அறிந்து செய்த மாதிரி இருந்தது.

கன்டெய்ன்ஸ்கீயால் பிழை தீர்ந்ததும் அடுத்த வேலை, ஒரே ஆள் இரண்டு எண்களில் பதிவாகியிருக்கிறாரா என்று பார்ப்பது. இதற்குக் கன்டெய்ன்ஸ் சரியான கருவிதான். நூறு பேருக்கு ஒருமுறை திரையில் எண்ணிக்கை விழும்படி எழுதியிருந்தேன். 100, 200, 300 என்று படபடவென விழுந்த எண்கள் மூவாயிரத்தில் தயங்கின, ஐயாயிரம் தாண்டியதும் மூச்சுவாங்கின, பத்தாயிரத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவருக்காகவும் அதற்குமுன் வந்த அத்தனை பேரையும் அது முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தது. 12,000 பேருக்கு ஏழு கோடி ஒப்பீடுகள். அந்தத் தயக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விரலை வரிவரியாக இறக்கிய அப்பா நினைவுக்கு வந்தார். பெயரும் தெருவும் ஒட்டிய வரியைக் கீயாகவும் எண்ணை வேல்யூவாகவும் வைத்து இன்னொரு டேபிள் எழுதினேன். ஓர் உறுப்பினரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் இரண்டிலும் செய்ய வேண்டும், நினைவகமும் கூடுதல். ஆனால் எண்கள் கடைசிவரை ஒரே வேகத்தில் விழுந்தன. அன்று இரவு கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நடந்தே அறைக்குப் போனேன், அத்தனை சந்தோஷம்.

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவன் தன் நிரலைக் காட்டினான். கன்டெய்ன்ஸ்வேல்யூவை அவன் முழுதாகத் தட்டச்சுகூடச் செய்யவில்லை. நாலு எழுத்துக்குள் எடிட்டரே நிரப்பித் தந்தது. அது லூப்புக்குள் இருந்தது. "ஓடுதே அண்ணா, ரெண்டு செகண்ட்கூட ஆகலையே" என்றான். பொய்யில்லை, அவன் சோதித்தது ஐயாயிரம் வரிகளில், இன்றைய கணினியில். எனக்குத் தயங்கிக் காட்டிய எந்திரம் அவனுக்குத் தயங்கிக் காட்டவில்லை. 2014இல் வந்த ஜாவா 8, ஒரே பெட்டியில் கீகள் நெரிசலானால் அவற்றை மரமாக அடுக்கித் தேடலை விரைவாக்கியது. அதுவும் கீயின் பக்கத்துக்குக் கிடைத்த நன்மைதான். வேல்யூவைத் தேடுகிறவன் இன்றும் டைரக்டரியை முதல் பக்கத்திலிருந்துதான் புரட்டுகிறான், பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்பதில்லை. அந்தச் சத்தம்தான் எனக்குப் பாடம் சொன்னது என்பதால் அது போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

தம்பியின் நிரலில் ஐந்து லட்சம் வரிகளை விட்டுப் பார்த்தோம். திரை அப்படியே நின்றது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தான். நான் ஒரு காகிதத்தில் இடமிருந்து வலமாக ஓர் அம்பு, வலமிருந்து இடமாக இன்னொரு அம்பு வரைந்து காட்டினேன். அன்று மாலையே அவன் இரண்டாவது மேப்பை எழுதி முடித்தான்.

உங்கள் நிரலிலும் ஏதோவொரு லூப்புக்குள் கன்டெய்ன்ஸ்வேல்யூ இருக்கக்கூடும். இன்றைக்கே அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.