இருகால் வாகனத்தின் பணிவான விண்ணப்பம்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய நகராட்சி நிர்வாகத்திற்கு,

சொத்து வரி கட்ட வந்த என்னிடம் வாகன நிறுத்தக் கட்டணமும் வாங்கிக்கொண்டு அனுப்பியதற்கு முதலில் என் நன்றி. என்னிடம் வாகனம் கிடையாது. வீட்டிலிருந்து நடந்தே வந்தேன். ஆனாலும் சீட்டு கையில் இருக்கிறது. வகை: டூ வீலர். எண்: 0000. கட்டணம்: ரூ. 40.

பழைய பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டிய புதிய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடிக்கு வரி வசூல் மையத்தைக் கொண்டுபோய்விட்டீர்கள். முன்வாசலில் யாரோ புதுக் காருக்கு ரிப்பன் கட்டிக் கண்காட்சி வைத்திருந்ததால் அன்று அது அடைப்பு. காவலுக்கு நின்ற தம்பி, வண்டிகள் இறங்கும் சரிவுப் பாதையைக் காட்டினார். அங்கே குறுக்கே ஒரு கட்டை. "டோக்கன் எடுத்தாத்தான் கட்டை தூக்கும் ஐயா. குனிஞ்சு பூந்துடாதீங்க, கேமரா இருக்கு." எடுத்தேன். மேலே சர்வர் வேலை செய்யவில்லை. காத்திருந்து, வரியைக் கட்டிவிட்டு இறங்குவதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. முதல் மணிக்கு இருபது, அடுத்த மணிக்கு இருபது என்றார்கள். நான் வண்டியில் வரவில்லையே தம்பி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிஸ்டத்துல நீங்க வண்டிதான் ஐயா." பின்னால் வந்து நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பணத்தைக் கொடுத்தேன்.

ஆக, தங்கள் ஆவணப்படி நான் இப்போது ஓர் இருகால் வாகனம். பழைய மாடல், மைலேஜ் சுமார். இரண்டு இட்லிக்கு இரண்டு கிலோமீட்டர். பதினைந்து ஆண்டு ஓடிய அரசு வாகனங்களை எல்லாம் 2023 ஏப்ரலிலிருந்து காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, நான் தனியார் வாகனம். இத்தனைக்கும் வேட்டி கட்டிக்கொண்டுதான் வந்தேன், அதற்காக யாரும் தடுக்கவில்லை. வேட்டி கட்டியவரைக் கிளப் போன்ற இடங்களில் உள்ளே விட மறுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய்வரை அபராதம் என்று 2014-இல் நம் சட்டமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. நடந்து வருகிறவனைத் தடுக்கக்கூடாது என்று யாருக்கும் சட்டம் போடத் தோன்றவில்லை.

வளாகத்தால் ஊருக்கு லாபமா நஷ்டமா என்று டீக்கடைகளில் பெஞ்சு பெஞ்சாகப் பிரிந்து சண்டை நடக்கிறது. நான் ஜவுளி மொத்தக் கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவன். பற்றும் வரவும் பார்க்காமல் பேசிப் பழக்கமில்லை.

வரவை முதலில் எழுதிவிடுகிறேன். பழைய பேருந்து நிலையம் நாறியது. அதை நினைத்துக் கண்ணீர் விடுகிறவர்கள் அதன் கழிப்பிடத்துக்குள் போயிருக்க மாட்டார்கள். மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். 2015-இல் பேருந்து நிலையங்களில் திறந்த தாய்மார் பாலூட்டும் அறை நம் ஊரிலும் இருந்தது. உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும்தான் ஓய்வெடுத்தன. இப்போது தரை பளபளக்கிறது. லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் தேய்ந்த என்னைப் போன்ற வாகனங்களுக்கு அது பெரிய உதவி. சுற்றுவட்டாரத்துப் பெண்பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். துணிக்கடையில் நாற்காலி போட்டிருப்பதை நானே பார்த்தேன். அதன்மேல் சட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

நகராட்சிக்கு வாடகை வருமானம் உண்டு என்று சொல்கிறீர்கள். எவ்வளவு என்று கேட்டால் "பொது–தனியார் பங்களிப்பு" என்று பதில் வருகிறது. பொதுவின் பங்களிப்பு என்னவென்று எனக்குத் தெரியும்: ஊரின் நட்டநடுவில் இருந்த நிலம். தனியாரின் பங்களிப்பு அந்தக் கட்டை என்று நினைக்கிறேன். குத்தகை எத்தனை வருடம், கடை வாடகையில் நமக்கு எத்தனை பங்கு, இருகால் வாகனங்கள் கட்டும் நாற்பதில் எத்தனை ரூபாய் கருவூலம் வந்து சேரும் என்று தெரிந்தால் வரவுப் பத்தியை முடித்துவிடுவேன். இப்போதைக்கு அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் முதலாளியாக இருந்தால் கேள்விக்குறி போட்ட பேரேட்டை என் முகத்திலேயே எறிந்திருப்பார்.

இனி பற்று. ஒரே ஒரு கணக்கு மட்டும் எழுதுகிறேன்.

பழைய நிலையத்தின் மேற்கு வாசலில் பூ விற்ற அக்கா ஒருவர் உண்டு. கிராமத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் கூடையோடு வருவார், 2021 முதல் டிக்கெட் காசு இல்லாமல். பெண்களுக்கான இந்த இலவச விடியல் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. உருப்படியான திட்டம், மறுப்பே இல்லை. இப்போது பேருந்து நிலையம் புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. வளாகத்தின் முகப்பில் பஸ் நின்றால் உள்ளே நுழையும் கார்களுக்கு இடைஞ்சலாம், டவுன் பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை. புறவழிச்சாலையிலிருந்து ஊருக்குள் வர ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய், திரும்பிப் போக இருபது. மாதம் இருபத்தைந்து நாள் என்றாலும் ஆயிரம் ரூபாய். கோட்டையில் கொடுத்த 888-ஐ நம் ஊரில் பிடுங்கியாயிற்று. மேற்கொண்டு அக்கா தன் மடியிலிருந்து 112 ரூபாய் போட வேண்டும். கூடைக்குத் தனிக் கட்டணம் கேட்கும் ஆட்டோக்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவும் கொடுத்து ஊருக்குள் வந்தால் உட்கார இடம் வேண்டுமே. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-ஐத் தங்கள் அலுவலக அலமாரியில் யாராவது புரட்டியிருக்கக்கூடும். கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக்கூடாது என்கிறது அது. இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் அந்த வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும். நம் ஊர்க் குழு எங்கே கூடுகிறது, யாருடைய தலைமையில் கூடுகிறது, டீயாவது கொடுக்கிறார்களா? திறப்பு விழாவுக்கு முந்தின நாள் லாரி வந்தது. முன்னறிவிப்பு என்று வந்தது லாரியின் ஹாரன் மட்டும்தான். கட்டிய மல்லிகையோடு அந்தக் கூடையைத் தூக்கிக் குப்பையோடு குப்பையாகப் போட்டார்கள். இத்தனை வருடம் அந்த அம்மாளிடம் தினமும் சுங்கம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்த அதே நகராட்சியின் லாரி. உங்களுக்கு வெட்கமே கிடையாதா? யாருடைய இடம் என்று நினைத்து யாரை விரட்டுகிறீர்கள்? ஒரு நாளாவது அந்தக் கூடையில் எத்தனை ரூபாய் முதல் இருந்தது என்று கேட்டிருப்பீர்களா?

மன்னிக்க வேண்டும். பழைய வாகனம், சட்டென்று சூடாகிவிடுகிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன்.

தங்கள் தொலைநோக்கை நான் குறை சொல்லவே மாட்டேன். பொலிவுறு நகரங்கள் என்று ஒன்றிய அரசு நாடு முழுக்க நூறு ஊர்களைப் பொறுக்கியபோது தமிழ்நாட்டுக்குப் பதினொன்றுதான் கிடைத்தது. அதில் நம் ஊர் இல்லை. அந்த ஏக்கத்தில் நாமே ஒரு பொலிவைக் கட்டிக்கொண்டோம், தப்பில்லை. ஊரைக் கேட்டீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள். 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. அதைத் தாண்டினாலும் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே விலக்கு இருக்கிறது. அந்த அறிவிக்கைப்படி தாங்கள் யாரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. வாகனங்களைக் கேட்பது எங்குமே வழக்கமில்லை.

ஆனால் கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், திருச்சிவரை போனால் போதும். காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் ஏறத்தாழ 77 கோடி ரூபாயில் ஆயிரம் கடைகளோடு சந்தை கட்டி 2017-இல் திறந்தார்கள். ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் வர மாட்டோம் என்று வியாபாரிகள் காந்தி மார்க்கெட்டை விட்டு அசையவில்லை. சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் தண்டவாளம் இருந்தது, ரயில் நிலையம் இல்லை. நள்ளிரவில் மூட்டையோடு இறங்கியவர்கள் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். இரண்டு இடத்திலும் கட்டடத்தில் குறை சொல்ல முடியாது. அங்கே மனிதர்கள் எப்படிப் போய்ச் சேர்வார்கள் என்பதுதான் வரைபடத்தில் விட்டுப்போயிற்று. நம் வளாகத்திலும் மூன்றாம் மாடியில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இன்னும் ஏறவில்லை. முன்பு பஸ்ஸுக்கு நின்ற கூட்டம்தான் வாழைப்பழமும் கர்ச்சீப்பும் பொம்மையும் வாங்கியது. அந்தக் கூட்டத்தைப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டு, இங்கே கடைக்கு ஆள் வரவில்லை என்று குத்தகைதாரர் புலம்புகிறாராம். அவருக்கு என் அனுதாபங்கள்.

இடித்ததை யாரும் திரும்பக் கட்டப் போவதில்லை. அதனால் வளாகமே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. டவுன் பஸ் வளாகத்தின் வாசலில் நின்று போகட்டும். காரில் வருகிறவர்கள் அரை நிமிடம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மேற்குச் சுவரை ஒட்டி வண்டிகள் நிற்கக் கோடு போட்டிருக்கிறீர்கள். அதில் பத்து வண்டிகளுக்கான இடத்தைப் பூ, பழம், செருப்புத் தைப்பவர், சாவி போடுபவர் ஆகியோருக்குச் சான்றோடு ஒதுக்குங்கள். வரி வசூல் மையத்தைத் தரைத்தளத்துக்கு இறக்குங்கள். முன்வாசலை யார் ரிப்பன் கட்டினாலும் அடைக்காதீர்கள். இருகால் வாகனங்களுக்கு ஒரு தனிப்பாதை, கட்டை இல்லாமல்.

இக்கடிதத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்படி ஒரு மனுவும் இணைத்திருக்கிறேன். வளாகக் குத்தகை ஒப்பந்தத்தின் நகல், அதற்கு ஒப்புதல் அளித்த நகர்மன்றத் தீர்மானம், இதுவரை வசூலான வாடகையில் நகராட்சியின் பங்கு, நகர விற்பனைக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு ஆகிய நான்கும் வேண்டும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருக்கிறேன். ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு மனு போடலாம், இதையே பார்த்து எழுதிக்கொள்ளலாம். பதிலுக்கு முப்பது நாள் கெடு. வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.