நாலு, ரெண்டு, ரெண்டு: மொத்தம் அஞ்சு

யாழ்ப்பாணம், காங்கேசன்துறை வீதியோரம் ஒரு சைக்கிள் கடை. 2025 ஆகஸ்ட் 6, காலை. கடைக்காரர் இராசு ரியூப் ஒன்றைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்திக் குமிழி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஊருக்கெல்லாம் 'மாஸ்டர்', தன் பழைய ரலிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். கக்கத்தில் பேப்பர்.

இராசு: வாங்கோ மாஸ்டர். என்ன, உருட்டிக்கொண்டு வாறியள்? காத்துப் போட்டுதோ?

மாஸ்டர்: காத்து இருக்கு. பிரேக்தான் பிடிக்குதில்லை. சந்தியிலை ஓட்டோ ஒண்டோடை முட்டப் பாத்தன். அது கிடக்கட்டும், பேப்பர் பாத்தனியோ? நேற்றுப் பாராளுமன்றம் பொலிஸ்மா அதிபரை நீக்கிப்போட்டுது. ஆதரவு 177. எதிர்த்து ஒருத்தரும் இல்லை.

இராசு: ஆரை, தேசபந்து தென்னக்கோனையோ? அவரைப் போன வருசமே நிப்பாட்டினதெல்லோ?

மாஸ்டர்: அது உயர் நீதிமன்றம் போட்ட இடைக்காலத் தடை. இது நீக்கம். சட்டத்திலை ரெண்டும் வேறை.

இராசு: ஓமோம். ஒட்டுப் போடுறதும் ரயர் மாத்திறதும் போலை.

மாஸ்டர்: பகிடியை விடு தம்பி. பாராளுமன்றம் வாக்கெடுத்து ஒரு பொலிஸ்மா அதிபரை வீட்டுக்கு அனுப்பினது இந்த நாட்டிலை இதுதான் முதல் தரம். 2002ஆம் ஆண்டின்ரை 5ஆம் இலக்கச் சட்டம். 23 வருசம் அலுமாரிக்குள்ளை கிடந்தது.

இராசு: 23 வருசம் ஓடாத வண்டியெண்டால் செயின் துருப்பிடிச்சிருக்குமே.

மாஸ்டர்: ஒரு துருவும் இல்லை. விசாரணைக்குழு அமைக்க ஏப்ரல் 8ஆம் தேதி தீர்மானம், 151 வாக்கு. உயர் நீதிமன்ற நீதியரசர் சுரசேன தலைமையிலை மூண்டு பேர் இருந்து விசாரிச்சவை. ஜூலையிலை அறிக்கை: குற்றவாளி. நேற்று வாக்கெடுப்பு. 225 பேர் உள்ள சபையிலை 113 காணும்; 177 விழுந்திருக்கு. ஒழுங்கெண்டால் இதுதான் ஒழுங்கு.

இராசு: எடுத்த கதை நல்லாத்தான் இருக்கு. வச்ச கதையையும் சொல்லுங்கோவன்.

மாஸ்டர் (பேப்பரை மடித்தபடி): அது... கொஞ்சம் சிக்கலான கணக்கு.

இராசு: நீங்கள் படிப்பிக்காத கணக்கோ?

மாஸ்டர்: கேள். ஜனாதிபதி ஒருவரைப் பொலிஸ்மா அதிபராக்க நினைச்சால் அரசியலமைப்புப் பேரவையின்ரை அங்கீகாரம் வேணும். பேரவையிலை 10 பேர். சபாநாயகர் தலைவர். ஒரு முடிவுக்குக் குறைஞ்சது 5 பேரின்ரை ஆதரவு வேணும். சபாநாயகருக்கு முதலிலை வாக்கில்லை. ரெண்டு பக்கமும் சமனாய் நிண்டால் மட்டும் ஒரு தீர்க்கும் வாக்கு. 2024 பெப்ரவரி 26ஆம் தேதி ஜனாதிபதி ரணில் அனுப்பின பேரை எடுத்தவை. பேரவையிலை இருந்த எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச சொன்ன கணக்குப்படி ஆதரவு 4, எதிர்ப்பு 2, வாக்களியாமல் இருந்தது 2.

இராசு: நாலு பேர்தானே. அஞ்சு இல்லை. சரிவராது.

மாஸ்டர்: எனக்கும் உனக்கும் சரிவராது. சபாநாயகர் மஹிந்த யாப்பாவுக்குச் சரிவந்தது. வாக்களியாமல் இருந்த 2 பேரையும் எதிர்ப்போடை சேர்த்தார். இப்ப 4க்கு 4. சமன். உடனை தன்ரை தீர்க்கும் வாக்கைப் போட்டார். 5.

இராசு: நில்லுங்கோ, நில்லுங்கோ. எதிர்ப்பு ரெண்டாய் நிண்டிருந்தால் தென்னக்கோன் தோத்திருப்பார். எதிர்ப்பு நாலாய்க் கூடினதாலை வெண்டார்?

மாஸ்டர்: 34 வருசம் கணக்குப் படிப்பிச்சனான் தம்பி. எதிரி கூடக் கூட வெற்றி கிட்ட வாற சமன்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலையும் காணேல்லை.

இராசு: பேசாமல் இருந்த அந்த ரெண்டு பேருக்கும் தாங்கள் ஆரை வெல்லப் பண்ணினதெண்டு தெரியுமோ?

மாஸ்டர்: பேரவையின்ரை அங்கீகாரம் கிடைச்சதெண்டு அறிவிச்சாச்சு, நியமனம் குடுத்தாச்சு. அதுக்குப் பிறகு தெரிஞ்சென்ன, தெரியாமல் விட்டென்ன.

இராசு: அது சரி, உந்த ஆளின்ரை சான்றிதழ் என்ன மாதிரி? என்ரை பெறாமகன் கொன்ஸ்தாபிள் வேலைக்குப் போட்டவன். கிராம சேவகர் நற்சான்றிதழ் கேட்டவை. பள்ளிக்கூடத்திலை வாங்கு உடைச்சதைக்கூட விசாரிச்சவை.

மாஸ்டர்: உவருக்கும் சான்றிதழ் இருந்தது, அதுவும் உயர் நீதிமன்றத்தின்ரை. 2023 டிசம்பர் 14ஆம் தேதி, தடுப்பிலை வச்ச ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினாரெண்டு தீர்ப்பு. 5 லட்சம் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கச் சொல்லித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் சொன்னது.

இராசு: பிறகு ஆணைக்குழு என்ன செய்தது?

மாஸ்டர்: அந்த நேரம் அவர் பதில் பொலிஸ்மா அதிபர். தீர்ப்பு வந்து 74ஆம் நாள் முழுப் பொலிஸ்மா அதிபர். அரசியலமைப்பின்படி ஆணைக்குழு எல்லாப் பொலிஸ்காரருக்கும் மேலை கை வைக்கலாம், ஒரேயொரு ஆளைத் தவிர.

இராசு: அந்த ஒரு ஆள்?

மாஸ்டர்: பொலிஸ்மா அதிபர்.

இராசு: அப்ப தண்டனைக்குப் பயந்தால் பதவி உயர்வு எடுத்துப்போட்டு மேலை போய் இருக்கவேண்டியதுதான். மழைக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடம் போன கதை கேட்டிருக்கிறன். இது ஒழுக்காற்றுக்கு ஒதுங்கத் தலைமைக் கதிரைக்குப் போன கதை.

மாஸ்டர்: பூட்டில்லாமல் இல்லை, இராசு. 2001இலை 17ஆம் திருத்தம் இந்தப் பேரவையையும் ஆணைக்குழுவையும் கொண்டுவந்தது. 2010இலை 18ஆம் திருத்தம் பேரவையை எடுத்துப்போட்டுது. 2015இலை 19ஆம் திருத்தம் திருப்பி வச்சது. 2020இலை 20ஆம் திருத்தம் திருப்பி எடுத்தது. 2022இலை 21ஆம் திருத்தம் மறுபடி வச்சது.

இராசு: ஒற்றை எண் பூட்டும், இரட்டை எண் திறக்கும். 22ஆம் திருத்தம் எப்பவாம்?

மாஸ்டர்: வாயைக் கழுவு.

இராசு: உந்தப் 'பதில்' எண்டால் என்ன மாஸ்டர்? எப்ப பாத்தாலும் பதில் பொலிஸ்மா அதிபர் எண்டுதானே பேப்பரிலை கிடக்கு.

மாஸ்டர்: நிரந்தரமாய் ஆளில்லாத நேரம் பார்க்கிறவர். 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவை விலகச் சொல்லி ஜனாதிபதி மைத்திரி கேட்டார். அவர் மாட்டன் எண்டார். நீக்க ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை. கட்டாய லீவிலை அனுப்பிப்போட்டு, விக்கிரமரத்னவைப் பதிலாய்ப் போட்டார். பிறகு அவரே நிரந்தரமாகி, 2023இலை ஓய்வு பெறவேண்டிய நேரம் வரேக்கை, திரும்பத் திரும்பச் சேவையை நீட்டினவை. அதுவும் முடிய, அந்த நவம்பரிலை தென்னக்கோன் பதில்.

இராசு: சனத்தின்ரை கேள்விக்குத்தான் பதிலில்லை. கதிரைக்கு எப்பவும் பதில் இருக்கு.

மாஸ்டர்: அந்தப் பதிலும் இல்லாமல் போன ஒரு காலம் வந்தது. 2024 ஜூலை 24. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை உட்படப் பலர் போட்ட மனுக்களிலை, தென்னக்கோன் கடமை செய்யக்கூடாதெண்டு உயர் நீதிமன்றம் தடை போட்டுது. அந்த இடத்துக்குப் பொருத்தமான ஒருவரைப் போடச் சொல்லி ஜனாதிபதிக்கும் சொன்னது. அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமோ? பதவி வெற்றிடமாகேல்லை, அதாலை ஒருவரையும் போடேலாது.

இராசு: கதிரை இருக்கு.

மாஸ்டர்: இருக்கு.

இராசு: கதிரைக்கு ஆளும் இருக்கு.

மாஸ்டர்: இருக்கு.

இராசு: ஆள் கதிரையிலை இருக்கேலாது.

மாஸ்டர்: ஏலாது.

இராசு: ஆனால் கதிரை காலியில்லை.

மாஸ்டர்: காலியில்லை. அந்தக் காலியில்லாத வெறுங்கதிரையோடைதான் செப்டம்பர் 21ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தலே நடந்தது. கதிரையிலை ஆள் போடவேண்டிய ஜனாதிபதி அதிலை ஒரு வேட்பாளர். ஆட்சி மாறினாப் பிறகு, செப்டம்பர் 27ஆம் தேதி அநுர குமார வந்து பிரியந்த வீரசூரியவைப் பதிலாய்ப் போட்டார். எண்ணிப் பாத்தன், 65 நாள்.

இராசு (ரியூபைத் துடைத்து வைத்துவிட்டு, ரலியின் பிரேக் கம்பியை இழுத்துப் பார்க்கிறார்): உங்கடை பிரேக்கும் அப்பிடித்தான். பிடி இருக்கு, கம்பி இருக்கு, கட்டையும் இருக்கு. ஒண்டோடை ஒண்டு கதைக்குதில்லை.

மாஸ்டர்: மாத்தவேணுமோ?

இராசு: கட்டை தேஞ்சுபோச்சு. மாத்துறன். நீங்கள் உவர் ஒளிச்சோடின கதையைச் சொல்லுங்கோ.

மாஸ்டர்: 2023 டிசம்பர் 31ஆம் தேதி கொழும்புக் குற்றத்தடுப்புப் பிரிவுப் பொலிஸ் வெலிகமவிலை ஒரு ஹோட்டலுக்கு முன்னாலை சுட்டது. அந்த இடத்துப் பொலிஸ், வந்தது ஆரெண்டு தெரியாமல் அவையளைச் சுட்டது. ஒரு பொலிஸ்காரர் செத்துப்போனார். அந்த வழக்கிலை 2025 பெப்ரவரி 28ஆம் தேதி தென்னக்கோனைப் பிடிக்கச் சொல்லி மாத்தறை நீதவான் உத்தரவு. அண்டையிலிருந்து ஆளைக் காணேல்லை. இருக்கிற இடம் தெரியேல்லை, ஆனால் கைதைத் தடுக்கச் சொல்லி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மனு மட்டும் வந்தது. தள்ளுபடி. மார்ச் 19ஆம் தேதி தானே வந்து நீதிமன்றத்திலை சரணடைஞ்சார். அதுவரைக்கும் நாட்டின்ரை பொலிஸ்மா அதிபர் எங்கையெண்டு நாட்டின்ரை பொலிஸுக்குத் தெரியாது.

இராசு: மாஸ்டர், போன வருசம் என்ரை கடைச் சைக்கிள் ஒண்டு களவு போனது. முறைப்பாடு குடுக்கப் போனன். "சைக்கிள் கடைக்காரன்ரை சைக்கிளையே களவெடுத்திட்டாங்களோ" எண்டு சிரிச்சவை. சிங்களத்திலை எழுதின தாளிலை ஒப்பம் வைக்கச் சொன்னவை. வச்சன். சைக்கிளும் வரேல்லை, தாளிலை என்ன இருந்ததெண்டும் தெரியாது. ஆனா மார்ச் மாசம் அவையள் தங்கடை தலைவரைத் தேடித் திரியேக்கை நான் சிரிக்கேல்லை. பறிகுடுத்தவனுக்குத்தான் பறிகுடுத்தவன்ரை வலி தெரியும்.

மாஸ்டர்: சிரிக்காமல் சொல்லுறதிலை நீ கெட்டிக்காரன்.

இராசு: சிரிப்பில்லை, கோவம். உப்பிடி ஒராளை நீக்க ஏன் நீதியரசர், குழு, அறிக்கை, 177 பேர்? என்ரை கடைப் பொடியன் கல்லாவிலை கை வச்சால் அண்டைக்கே நிப்பாட்டுவன். ஜனாதிபதி ஒரு கடிதம் எழுதினால் முடிஞ்சுதே!

மாஸ்டர்: முடியும். அடுத்த கிழமை அமைச்சர் ஒருவரின்ரை மகனை ஒரு நேர்மையான பொலிஸ்மா அதிபர் பிடிக்கிறாரெண்டு வை. அதே ஜனாதிபதி அதே பேனையாலை அதே கடிதம் எழுதுவார். அந்தப் பொலிஸ்மா அதிபர் என்ன செய்வார்? பொடியனைத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுவார். பொலிஸ்மா அதிபரை லேசிலை தூக்க ஏலாமல் வச்சிருக்கிறது கள்ளனைக் காக்க இல்லை. நல்லவனைக் காக்க.

இராசு (கொஞ்ச நேரம் பேசாமல் ஆணியை முடுக்குகிறார்): அப்ப அந்தக் காவல் கள்ளனுக்கும் நல்லவனுக்கும் ஒரே மாதிரி.

மாஸ்டர்: ஓம். சட்டத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது.

இராசு: அப்பிடியெண்டால் முகம் பார்க்கவேண்டிய இடம் வாசல்தானே? உள்ளை விட்டாப் பிறகு ஆட்ட ஏலாத கதிரையெண்டால், உள்ளை விடமுதல்தானே உரசிப் பார்க்கவேணும்?

மாஸ்டர்: அதுக்குத்தான் பேரவை.

இராசு: அந்தப் பேரவை எப்பிடிப் பார்த்தது? ஒரு பேர்தான் வந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு மேசையிலை கிடந்தது. ரெண்டு பேர் வாய் திறக்கேல்லை. சபாநாயகர் கூட்டல் பிழைச்சார். பிழை திருத்த 17 மாசம், ஒரு நீதிமன்றத் தடை, ஒரு விசாரணைக்குழு, ஒரு பாராளுமன்றம். உள்ளை விட 4 கை காணும். வெளியிலை எடுக்க 177 கை.

மாஸ்டர் (மெதுவாக): அந்தக் கணக்குப் பிழையில்லை.

இராசு: இந்தாங்கோ. சில்லைச் சுத்தி அமத்திப் பாருங்கோ.

மாஸ்டர்: ஆ! கல்லுப்போலை நிக்குது. எவ்வளவு?

இராசு: 400 ரூபா.

(மாஸ்டர் பேசாமல் சட்டைப் பைக்குள் கை விடுகிறார்.)

இராசு: என்ன, பேசுறியள் இல்லை? பேசாமல் நிண்டால் எதிர்ப்பெண்டுதான் சேர்ப்பன். நான் கேட்டது 4, உங்கடை எதிர்ப்பும் 4. சமன். கடைத்தலைவர் எண்டபடியாலை தீர்க்கும் வாக்கு என்ரை. 500 ரூபா எடுங்கோ.

மாஸ்டர்: டேய்! நூறு ரூபா கூட!

இராசு: பாத்தியளோ? நூறு ரூபாய்க்கு உடனை வாய் திறக்குது. அண்டைக்கு அந்த மேசையிலை இருந்தவையும் ஒருக்கால் இப்பிடிக் கத்தியிருக்கலாம். கூலி 400தான். குடுத்திட்டுப் போங்கோ.

மாஸ்டர் (சிரித்தபடி காசைக் கொடுத்துவிட்டு): வீரசூரிய இப்பவும் பதில்தான். இனி நிரந்தரமாய் ஒராளைப் போடவேணும். பேரும் அதே பேரவைக்குத்தான் போகும்.

இராசு: போகட்டும். அண்டைக்காவது வாக்கை எண்ணமுதல் ஆளைப் பாக்கச் சொல்லுங்கோ. எண்ணுறதுக்கும் உங்களைப்போலை ஒரு கணக்கு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.