கடற்கரைத் தலைவர்

மலாக்கா மாநிலத்தில் எந்தத் தமிழ்க் குடும்பம் கடற்கரைக்குக் கிளம்பினாலும் அதற்கு ஒரு தலைவர் இருப்பார். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரல்ல. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். புக்கிட் ஆசகான், டைமண்ட் ஜூபிலி, தெபோங் என்று ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு டுரியான் துங்காலிலோ ஜாசினிலோ ஒரு தாமானில் வரிசை வீடு வாங்கிக் குடிவந்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் ஒரு விசில். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் யாரோ தந்த விசில் அது. அதற்குப் பிறகு அவர் அதைக் கழற்றியதாக மனைவிக்கு நினைவில்லை.

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடும். பெரியம்மா வீட்டில் நெத்திலிச் சம்பால், சின்னம்மா வீட்டில் கோழிப் பிரட்டல், கிள்ளான் சம்பந்தி வந்தால் வடை. ஐஸ் தோங் என்ற குளிர்பெட்டி தலைவருடையது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் அவருக்கு மட்டுமே தெரிந்தது. காலை ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் கூட வேண்டும் என்பது உத்தரவு. ஐந்து மணிக்கு அங்கே நிற்பவர் அவரும் வேன்காரத் தம்பியும்தான். ஆறரைக்கு வருகிறவர்களுக்கு மலேசிய நேரம் பற்றி ஒரு சொற்பொழிவு இலவசம்.

எங்கே போவது என்பதில்தான் தலைவரின் தனித்தன்மை தெரியும். பிள்ளைகள் போர்ட் டிக்சன் என்பார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் முதல் சிரம்பான்காரர்கள் வரை தமிழர்கள் பாய் விரித்துப் பிரியாணி சாப்பிடும் கடற்கரை அது. தலைவருக்கு முகம் சுருங்கிப் போகும்.

“மலாக்காவுல கடல் இல்லையா? நாம எதுக்கு நெகிரி செம்பிலான்காரனுக்குக் காசு குடுக்கணும்?”

மலாக்காவில் கடல் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மலாக்காவின் ஒவ்வொரு கடற்கரை மேலும் தலைவருக்கு ஒரு வழக்கு உண்டு. கிளேபாங்கில் கடலைத் தூர்த்து மண்மேடாக்கிவிட்டார்கள். அங்கே போகிறவர்கள் தேங்காய் ஷேக் குடிக்கப் போகிறார்கள், கடல் பார்க்க அல்ல. பெங்காலான் பாலாக் ஆமைகளுக்கு உரியது. பாடாங் கெமுந்திங்கில் ஆமைக் காப்பகமே இருக்கிறது; மனிதன் போய்க் கூச்சல் போட்டால் பாவம். பூலாவ் பெசாருக்கு அஞ்சோங் பத்து துறையில் படகேற வேண்டும், படகென்றால் அக்காவுக்கு மயக்கம். தஞ்சோங் பிடாராவில் மணலும் பாறையும் சேர்ந்தே இருக்கின்றன, நல்ல இடம்தான். ஆனால் போன வருஷம் அங்கே தலைவரின் செருப்பு ஒன்று போய்விட்டது.

எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவர் கடைசியில் வந்து சேரும் இடம் தஞ்சோங் துவான். வரைபடத்தில் பார்த்தால் அது போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. சுற்றிலும் நெகிரி செம்பிலான். ஆனால் நிர்வாகத்தில் அது மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் போர்ட் டிக்சன் கிடைக்கிறது, தலைவருக்கு மலாக்கா கிடைக்கிறது. இப்படியொரு சமரசத்துக்கு இடம் தந்த அந்தக் காலத்து எல்லைக்கோட்டுக்காரர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் தமிழ்க் குடும்பங்களின் நிலைமை தெரிந்தவர்கள்.

மஸ்ஜித் தானா தாண்டி, கோலா லிங்கி பாலம் ஏறும் வரை வேனில் தலைவரின் குரல்தான். ரப்பர் பற்றிச் சொல்வார். மலாயாவில் முதன்முதலில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டது மலாக்காவில். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீனர் நட்டார். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திலிருந்து ஊரெல்லாம் விதையைத் தூக்கிக்கொண்டு அலைந்த ரிட்லி சொன்னதைக் கேட்டு நட்டார். நம் பாட்டன் கப்பலேறி வந்தது அதனால்தான். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வேனில் கேட்கிறவர்தான் யாரும் இல்லை, எல்லோரும் தூங்குகிறார்கள்.

லிங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். அங்கே தலைவர் அடக்கி வாசிப்பார். வழியில் ரொட்டி சானாய்க்கு நிறுத்தினால் குழம்பில் குறை சொல்வார். “நம்ம பக்கம் மாதிரி வராது” என்பார். தஞ்சோங் துவான் நுழைவாயில் வந்ததும் மார்பு ஒரு அங்குலம் உயரும். விசில் ஒரு முறை ஒலிக்கும்.

காட்டுக்குள் தார்ச்சாலை மேட்டில் ஏறுகிறது. வெயில் இல்லை, ஆனால் மூச்சு வாங்கும். ஐஸ் தோங்கை இரண்டு மருமகன்கள் தூக்க, தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறார். மரத்தில் குரங்குகள். நீண்ட வால், மனிதனை எடைபோடும் கண். சின்னம்மா மகள் வடைப் பையை இடக்கையில் பிடித்திருந்தாள். ஒரு குரங்கு இறங்கியது, அவள் புடவைத் தலைப்பை ஒரு இழு இழுத்தது, அவள் திரும்பினாள். இன்னொரு குரங்கு பையோடு மேலே போய்விட்டது. கிளையில் உட்கார்ந்து முடிச்சைப் பல்லால் கடித்துத் திறந்து, வடையை மோந்து பார்த்து, நடுவில் இருந்த மிளகாயை மட்டும் எடுத்துக் கீழே போட்டது. தலைவர் விசிலடித்தார். குரங்கு சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அவர் விசிலுக்கு மசியாத முதல் சொந்தக்காரன் அதுவல்ல என்பது வேறு கதை.

உச்சியில் கலங்கரை விளக்கம். வெள்ளையடித்த கோபுரம், 24 மீட்டர் உயரம், 1863இல் கட்டியது. அதற்கு முன்பே போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கே விளக்கேற்றினார்கள் என்று சொல்வார்கள். மலாக்கா நீரிணை குறுகும் பகுதி இது. எதிரே சுமத்ரா பக்கத்து ரூப்பாட் தீவு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தெளிவான நாளில் தெரியும் என்கிறார்கள். தலைவருக்கு எல்லா நாளும் தெரியும். “அதோ, அந்தக் கறுப்புக் கோடு” என்று அவர் காட்டுவது பெரும்பாலும் ஓர் எண்ணெய்க் கப்பல்.

இங்கேதான் 1606 வருகிறது. அது இல்லாமல் பயணம் நிறைவேறாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மாட்டெலீஃப் என்ற டச்சுக்காரர் தலைமையில் வந்த கப்பல்களும், கோவாவிலிருந்து வந்த போர்த்துகீசிய வைசிராயின் கப்பல்களும் இந்த முனைக்கு எதிரே மோதின. இரண்டு பக்கமும் கப்பல்கள் எரிந்து மூழ்கின. அப்படி மூழ்கிய நசாவ் என்ற டச்சுக் கப்பலின் மிச்சத்தை 1990களில்தான் கடலடியில் கண்டெடுத்தார்கள். ஆண்டு, பெயர் எல்லாம் தலைவர் சரியாகச் சொல்கிறார். எந்தப் பக்கம் நடந்தது என்று கையை நீட்டும்போது மட்டும் அது சிரம்பான் திசையில் போகிறது.

படி இறங்கினால் கடற்கரை. பாறைக்கும் பாறைக்கும் நடுவே கைக்குட்டை அகலத்துக்கு மணல், அவ்வளவுதான். நீர் வற்றும் நேரத்தில் பாறைகள் வெளியே வருகின்றன, மேலே பச்சைப் பாசி, கூர்மையான சிப்பி. நீர் ஏறிவிட்டால் மணலும் போய்விடும். மலாக்கா நீரிணையின் தண்ணீர் நீலமாக இருக்காது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் தே தாரிக் நிறத்துக்கு ஒரு படி கீழே நிற்கும். தலைவர் இதையும் விட்டுக்கொடுப்பதில்லை. “சத்தான தண்ணி” என்பார்.

அவர் தண்ணீரில் இறங்க மாட்டார். ஷூவும் சாக்ஸும் போட்டபடி, ‘மலேசிய நண்பன்’ நாளிதழ் விரித்த பாறையில் உட்கார்ந்து மற்றவர்களை ஆள்வார். “முழங்காலுக்கு மேல போகாத!” “கடல் காவு கேக்கும்!” “அந்தப் பாறை வழுக்கும்!” கடைசி எச்சரிக்கை மட்டும் உண்மையிலேயே முக்கியமானது. அதனால் அதை யாரும் காதில் வாங்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு மாப்பிள்ளை அதில் விழுகிறார்.

பேத்தி ஐரோப்பா போய் வந்தவள். கைப்பேசியில் படம் காட்டுகிறாள். ஸ்பெயினின் வடக்குக் கரையில் பாஸ்க் நாட்டில் சுமாயா என்ற ஊர். நீர் வற்றினால் பாறை அடுக்கடுக்காக, ஏடு ஏடாகக் கடலுக்குள் நீள்கிறது. டைனோசார் அழிந்த காலத்தின் கோடுகூட அந்தப் பாறை அடுக்கில் இருக்கிறதாம், 6 கோடியே 60 லட்சம் ஆண்டு பழசு. தொலைக்காட்சித் தொடருக்கெல்லாம் அங்கே படம் பிடித்தார்களாம்.

“தாத்தா, இதுதான் மணலும் பாறையும் சேர்ந்த கடற்கரை. நம்ம இடம் சும்மா.”

வேறொரு தாத்தா என்றால் அங்கேயே அடங்கியிருப்பார். இவர் ஐஸ் தோங்கைத் திறந்து ஒரு 100 பிளஸ் எடுத்து, நிதானமாகக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பக்கத்து ஆளுதான் பாப்பா, நம்ம மலாக்காவுக்கு வந்தாரு.”

தாத்தா சொன்னது பிரான்சிஸ் சவேரியாரை. அவர் 1506இல் நவார் நாட்டுச் சவேரியார் கோட்டையில் பிறந்தவர், பாஸ்க் இனத்தவர். முதலில் தமிழ்நாட்டு முத்துக்குளித்துறைக்கு 1542இல் போய், பரதவர் நடுவே, செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். பிறகு 1545இல் மலாக்கா வந்தார். சீனக் கரையோரத் தீவில் 1552இல் இறந்தார். அடுத்த ஆண்டு உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து புனித பவுல் குன்றின் கோயிலில் சில மாதங்கள் அடக்கம் செய்திருந்தார்கள். அப்புறம்தான் கோவாவுக்குப் போயிற்று. அந்தக் குன்றில் நிற்கும் அவருடைய சிலைக்கு வலக்கை இல்லை. மரம் விழுந்து உடைந்தது. உண்மையான உடலிலிருந்தும் வலக்கையை 1614இல் வெட்டி ரோமுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“பாஸ்க்காரன் தமிழ் படிச்சுட்டு மலாக்காவுக்கு வந்திருக்கான். நீ மலாக்காவுலேருந்து பாஸ்க்குக்குப் போயி போட்டோ எடுத்திருக்க. இதுல யாரு பெரியவன்?”

பேத்தி சிரித்துவிட்டாள். அவளுக்கு அந்த வரலாறு அத்தனையும் புதிது. இந்தத் தலைவர்களைக் கேலி செய்கிறவர்கள் மறந்துவிடும் செய்தி இதுதான்: அவர்கள் திசையைத் தப்பாகக் காட்டுவார்கள், நேரத்தைத் தப்பாகச் சொல்வார்கள், ஆனால் படித்த வரலாற்றை மாற்றிச் சொல்ல மாட்டார்கள். லயத்து வீட்டு விளக்கில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையைக் கடைசி வரி வரை படித்த தலைமுறை அது.

சாப்பாடு முடிந்ததும் கணக்கெடுப்பு. பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பதால் அவர் தலைகளை எண்ணுவதில்லை, செருப்புகளை எண்ணுவார். மொத்தம் ஐம்பத்திரண்டு, இரட்டைப்படை, சரி. ஒற்றைப்படை வந்தால் மேலே விளக்கு வரை எல்லோரும் மறுபடி நடக்க வேண்டும். தஞ்சோங் பிடாராவில் போன அந்த ஒற்றைச் செருப்பு இன்றும் சட்டமாக நீடிக்கிறது.

மார்ச் மாதத்தில் இந்த முனையில் கூட்டம் வேறு மாதிரி. சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து முதலில் தொடும் மண் இது. கடல் மேல் அவற்றைத் தூக்கும் சூடான காற்று கிடையாது; சிறகடித்துக் களைத்து மிகவும் தாழ்வாக வந்து சேரும். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது. நம் தலைவர் அந்த விழாவுக்கும் குடும்பத்தோடு போனார். மற்றவர்கள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க, அவர் குரங்குகளைப் பார்த்தபடி சோற்றுப் பானைக்குக் காவல் நின்றார். ஒரு பருந்துகூட அவர் கண்ணில் படவில்லை.

போகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காலை வெயில் ஏறிய பிறகு போங்கள், பருந்து அப்போதுதான் கரை சேரும். அலை அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் நேரத்தில் பாறைக்கு இறங்குங்கள். வடையை வேனிலேயே பூட்டிவிடுங்கள். உங்கள் தலைவரையும் ஐந்து நிமிடம் மேலே பார்க்க வையுங்கள். அந்த நேரம் பானைக்கு வேறு யாராவது காவல் இருக்கட்டும்.