செத்தால்தான் மண்டபம்

எட்டயபுரம் சின்ன ஊர்தான். ஆனால் செத்துப்போன பெரியவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. முத்துசாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பாரதிக்கு மணிமண்டபமும் உண்டு, பிறந்த வீடும் உண்டு. உயிரோடிருந்தபோதுதான் அவருக்கு ஊரில் இடம் போதவில்லை.

1919இல் அவர் உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீனுக்குச் சீட்டுக்கவி எழுதினார். 'பாரதி' என்று பட்டம் கொடுத்த அரண்மனை, காசு என்றதும் காதைப் பொத்திக்கொண்டது. அடுத்த வருஷம், தம் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக, புத்தகத்துக்கு 10,000 பிரதி அச்சிடக் கணக்குப் போட்டு, வேண்டியவர்களிடம் கடன் கேட்டார். தானமில்லை ஐயா, கடன்! தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போலப் புத்தகம் விற்கும் என்று அந்த மனிதர் நம்பினார். தமிழ்நாடு தீப்பெட்டியை மட்டும் வாங்கியது. 1921இல் திருவல்லிக்கேணியில் இறந்தார். சுடுகாடு வரை போனவர்கள் இருபது பேர்கூட இல்லை.

பிறகு அவருக்கு எட்டயபுரத்தில் மண்டபம் கட்ட எழுத்தாளர் கல்கி கையேந்தினார், வாசகர்கள் கொடுத்தார்கள். 1945இல் அடிக்கல், 1947இல் திறப்பு, இரண்டுக்கும் ராஜாஜி வந்தார். அந்த மண்டபத்தை நான் பழிக்கமாட்டேன். அது ஜனங்கள் போட்ட காசு. அதற்குப் பின்னால் தமிழ்நாடெங்கும் அரசுச் செலவில் முளைத்தவை வேறு ஜாதி. கல்வெட்டைப் பாருங்கள். மாண்புமிகு, முன்னிலை, தலைமை, வரவேற்புரை என்று ஏழெட்டு வரி ஓடும். புலவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாரதி பிறந்தநாள் கூத்து இன்னும் விசேஷம். கண்மையால் மீசை வரைந்து, முண்டாசு கட்டிய பொடியன்கள் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நிற்பார்கள். பிரமுகர் பதினொன்றரைக்கு வருவார். ஏணியில் ஏறி மாலை போடுவார், போட்டோ சரியாக விழவில்லையென்றால் கழற்றி மறுபடி போடுவார். பாட்டு ஒப்பித்த பிள்ளைக்குப் பரிசு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். புத்தகம் கொடுத்தால் படித்துத் தொலைத்துவிடுமே!

2025 மார்ச்சில் பாரதி பிறந்த வீட்டின் மாடிக் கூரை இடிந்து விழுந்தது. 1973 முதல் அரசின் பொறுப்பில் இருக்கும் நினைவில்லம் அது. கூரை என்பது திடீரென்று விழுவதில்லை. முதலில் ஒழுகும், பிறகு விரிசல் விடும், காரை உதிரும். வருஷாவருஷம் மாலையோடு வந்தவர்களில் ஒருவர்கூடவா அண்ணாந்து பார்க்கவில்லை? ஆமாம், கேமரா எதிரில் அல்லவா இருக்கிறது.

இன்றைக்கு உயிரோடிருக்கும் கவிஞனின் கதை என்ன? மனைவியின் வளையலை அடகு வைத்து முந்நூறு பிரதி போட்டுவிட்டு, அரசு நூலகங்களுக்கு வாங்க ஆணை வரும் என்று கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறான். செல்லரிப்பதற்குள் செத்துவைத்தால் அவனுக்கும் ஒரு மண்டபம் கிடைக்கலாம்.

அவன் புத்தகத்தை நூலகத்துக்கு வாங்கப் பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கட்டும் சொத்துவரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அதை நூலகத்துக்குக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்வது உள்ளாட்சிகளின் பழைய வியாதி. அடுத்த பாரதி விழாவுக்கு அழைப்பிதழ் வந்தால், மாலை வாங்காதீர்கள். உங்கள் ஊர் நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு நூலகத்துக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும்.